நட்சத்திரமும் உரைகல்லும்

மே மாதம் தேர்வு முடிவு வருகிற நாளில் பாறசாலைப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு குழப்பம் தவறாமல் வரும். இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை. நடுவில் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்குமான எல்லை. இந்தப் பக்கத்துப் பேரன் “பத்துக்கும் ஏ பிளஸ்” என்கிறான். அந்தப் பக்கத்துப் பேத்தி “ஐந்நூறுக்கு நானூற்று எழுபத்தெட்டு” என்கிறாள். இரண்டு பேரில் யார் நன்றாகப் படித்தது என்று பாட்டி கேட்டால் வீட்டில் யாருக்கும் பதில் தெரியாது. கேரளத்தில் 2005 முதல் பத்தாம் வகுப்புக்குத் தர எழுத்துதான். நூற்றுக்கு 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஏ பிளஸ். 91 எடுத்தவனுக்கும் 99 எடுத்தவனுக்கும் ஒரே எழுத்து. 2024-இல் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 71,831 பேர். தமிழ்நாட்டில் இன்றும் ஐந்நூறுக்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு. அளக்கப்படுகிற பிள்ளைகள் ஒரே மாதிரிப் பிள்ளைகள், பல நேரம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். அளவுகோல்கள்தான் வேறு.

இந்தக் குழப்பத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஒலிக்கருவிகளுக்குப் போடுகிற மதிப்பெண்ணைக் கண்டதும் அதே கேள்வி எழுவது இயல்பு. ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், ஆம்ப்ளிஃபையர், வீட்டுத் திரையரங்குப் பெட்டி எதுவானாலும் விமர்சனத்தின் கடைசியில் ஐந்துக்கு நான்கு, பத்துக்கு எட்டரை, நூற்றுக்கு 87 என்று ஓர் எண் இருக்கிறது. அந்த எண் யாருக்கு, எதற்கு, எவ்வளவு தூரம் பயன்படும்? அறுபது ஆண்டுகளாக உலகம் முழுவதும் நடக்கிற விவாதம் இது. அதைத் தொகுத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவையும் மறைக்கப் போவதில்லை: மதிப்பெண் வேண்டும். ஆனால் அது தன் உரைகல்லைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

எனக்கு இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்காகத் தொலைக்காட்சியின் கீழே வைக்கிற நீளமான சவுண்ட்பார் ஒன்று வாங்கினேன். 4.3 நட்சத்திரம், ஆயிரக்கணக்கானவர்கள் போட்ட மதிப்பெண். வீட்டில் கொண்டுவந்து வைத்த அன்றே அம்மா சொன்னார்: “பேச்சு கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி கேக்குது மக்கா.” எங்கள் ஹாலில் தரை முழுவதும் பளபளக்கும் டைல்ஸ். மேலே கான்கிரீட், சுவரில் ஒரு திரைச்சீலைகூட இல்லை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வயதானால் முதலில் குறைவது உயர் சுருதிகளைக் கேட்கும் திறன். ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெய்யொலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. பெட்டியோ அதிரும் தாழொலியை நம்பிச் செய்யப்பட்டது. நட்சத்திரம் போட்ட ஆயிரம் பேரில் பெரும்பாலோர் அதைச் சினிமாப் பாட்டுக்கும் சண்டைக் காட்சிக்கும் வாங்கியவர்களாக இருக்கவேண்டும். அவர்கள் பொய் சொல்லவில்லை. என் கேள்விக்கு அவர்கள் விடை எழுதவில்லை, அவ்வளவுதான்.

இதில் முதலில் பார்க்கவேண்டியது, எண் என்பதே பல வகை என்பது. ஹார்வர்டு உளவியலாளர் ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ் 1946-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் அளவுகளை நான்கு வகையாகப் பிரித்தார். பெயருக்கான எண் ஒன்று, பேருந்துத் தட எண் போல. வரிசைக்கான எண் ஒன்று, ஓட்டப் பந்தயத்தில் முதலாவது, இரண்டாவது போல. சம இடைவெளி கொண்ட எண் ஒன்று, வெப்பமானி காட்டுவதுபோல. விகிதமாகப் பேசக்கூடிய எண் கடைசி வகை, எடைபோல, நீளம்போல. நட்சத்திரம் இரண்டாம் வகை. நான்கு நட்சத்திரம் மூன்றைவிட மேல் என்று சொல்லலாம். எவ்வளவு மேல் என்று சொல்ல முடியாது. மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள தூரமும் நான்குக்கும் ஐந்துக்கும் உள்ள தூரமும் ஒன்றுதானா என்பதும் தெரியாது. தூரம் தெரியாத படிகளைக் கூட்டி வகுத்து 4.3 என்று சராசரி எடுப்பது கணக்காகத் தெரியும், கணக்கு அல்ல. அதோடு, இணையக் கடைகளில் பெரும்பாலும் ஐந்து போடுபவர்களும் ஒன்று போடுபவர்களும்தான் எழுதுகிறார்கள். நடுவில் இருப்பவர்கள் பேசாமல் போய்விடுகிறார்கள். பெட்டி உடைந்து வந்ததற்கு ஒரு நட்சத்திரம், சீக்கிரம் வந்ததற்கு ஐந்து நட்சத்திரம் என்று கூரியர்காரருக்குப் போட்டதும் அதே சராசரியில் கலந்திருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய நுகர்வோர் கருத்துகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலை வெளியிட்டது. போலிக் கருத்துகளைக் கட்டுப்படுத்த அது நல்ல தொடக்கம். ஆனால் உண்மையாகப் போட்ட மதிப்பெண்ணுக்கும் பொருள் இல்லாமல் போகலாம் என்ற சிக்கல் அதற்கு வெளியே நிற்கிறது.

இதற்கும் முந்தைய ஓர் எண்ணை எங்கள் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: பெட்டியின் உச்ச ஒலித்திறன் என்று சொல்லப்பட்ட பி.எம்.பி.ஓ. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளைகுடாவிலிருந்து வந்த டூ-இன்-ஒன் பெட்டிகளிலும், பிறகு உள்ளூர்ச் சந்தைக்கு வந்த ஸ்பீக்கர்களிலும் ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று தங்க எழுத்தில் இருக்கும். பெட்டியைத் திருப்பி மின்கம்பி நுழைகிற இடத்தில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டைப் படித்தால் மின்நுகர்வு 40 வாட் என்று இருக்கும். நாற்பது வாட் தின்கிற பெட்டி ஆயிரம் வாட் கொடுக்காது. அந்த எண்ணுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட இலக்கணம் எதுவும் இருந்ததில்லை. தயாரிப்பாளர் நினைத்ததுதான் எண். அமெரிக்காவில் இதே மோசடியைத் தடுக்க 1974-இலேயே கூட்டாட்சி வணிக ஆணையம் ஆம்ப்ளிஃபையர் விதி ஒன்றைக் கொண்டுவந்தது. எத்தனை வாட், எவ்வளவு சிதைவோடு, எந்த அலைவெண்ணிலிருந்து எந்த அலைவெண் வரை என்று சேர்த்துச் சொல்லவேண்டும் என்றது. இலக்கணம் சேர்ந்ததும் அந்த எண் கேள்வி கேட்கத்தக்க எண்ணாக மாறியது.

வாட் உண்மையாகவே இருந்தாலும் காதுக்கு அது நேர்க்கோட்டில் போகாது. 500 வாட்டை 1000 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். “கொஞ்சம் கூடியிருக்கு” என்று தோன்றும், அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்கானது என்று காது ஒப்புக்கொள்ள ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். வீட்டு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 85 முதல் 90 டெசிபல் கொடுக்கும். பழைய கூம்புக் குழாய் நூறைத் தாண்டும். அதனால்தான் சின்ன ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு அந்தக் காலத்து மைக்செட்காரர் ஓர் ஊர் முழுவதும் பாட்டைக் கொண்டுபோனார்.

நட்சத்திரத்தின் கதைக்கு வருவோம். 1962-இல் அமெரிக்காவில் ஜே. கார்டன் ஹோல்ட் ‘ஸ்டீரியோஃபைல்’ இதழைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் இன்னொரு பெரிய இதழில் வேலை பார்த்தவர். விளம்பரக்காரர்களின் முகம் கோணாமல் விமர்சனம் எழுதுகிற வழக்கம் அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றைய விமர்சனங்களைப் படித்தால் எந்தக் கருவியும் கெட்ட கருவி இல்லை. ஹோல்ட் பரிந்துரைப் பட்டியல் ஒன்று போட்டு, கருவிகளை ஏ, பி, சி, டி என்று வகுப்பு பிரித்தார். மதிப்பெண்ணின் முதல் பயன் இங்கேதான் தெரிகிறது என்பது என் எண்ணம். ஆயிரம் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளலாம். ஓர் எழுத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. ‘இது சி வகுப்பு’ என்று அச்சிட்ட பிறகு விமர்சகர் விளம்பரக்காரருக்கும் வாசகருக்கும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். மதிப்பெண்ணே வேண்டாம், உரைநடை போதும் என்பவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள்.

பிரிட்டனில் 1976-இல் தொடங்கிய ‘வாட் ஹை-ஃபை?’ ஐந்து நட்சத்திரத்தைப் பரப்பியது. இரண்டுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஸ்டீரியோஃபைல் வகுப்பு விலையைப் பார்க்காது. ஏ என்றால் ஒலியில் உச்சம், விலை எதுவானாலும். வாட் ஹை-ஃபை நட்சத்திரம் அந்த விலைக்கு இது எப்படி என்று பார்ப்பது. ஐயாயிரம் ரூபாய்க் கருவியும் ஐந்து லட்ச ரூபாய்க் கருவியும் ஐந்து நட்சத்திரம் வாங்கலாம். இரண்டுமே நேர்மையான முறைகள்தான். ஆனால் இது எந்த முறை என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்ப்பவர், ஏ பிளஸ்ஸையும் 478-ஐயும் ஒப்பிடுகிற பாட்டியின் நிலையில் நிற்கிறார். நெய்யாற்றின்கரை ஆலும்மூட்டில் நின்று கைப்பேசியில் நட்சத்திரம் பார்க்கிற இளைஞனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

விமர்சனத்தின் வரலாற்றில் மிகப் பெரிய வழக்கும் இங்கே பேசப்படவேண்டும். அதில் ஓர் இந்தியத் தொடர்பும் இருக்கிறது. அமர் போஸ், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒருவரின் மகன், எம்.ஐ.டி. பேராசிரியர். 1968-இல் அவர் நிறுவனம் போஸ் 901 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. அதில் ஒன்பது ஒலிப்பான்கள். ஒன்று மட்டும் கேட்பவரை நோக்கியிருக்கும், மற்ற எட்டும் சுவரை நோக்கி. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் கச்சேரி மண்டபத்தின் உணர்வைத் தரும் என்பது அவர் கொள்கை. 1970 மே மாதம் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் அதை விமர்சித்தது. தனித்தனி இசைக்கருவிகளின் ஒலி பெரிதாக விரிந்து அறைக்குள் அங்குமிங்கும் அலைவதுபோல் தோன்றுகிறது என்று எழுதியது. போஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. சோதித்த பொறியாளர் சாட்சிக் கூண்டில் சொன்னதை வைத்துப் பார்த்தால், ஒலி அறை முழுவதும் அலையவில்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே சுவரையொட்டி நகர்ந்தது. ‘அறைக்குள்’ என்பதா ‘சுவரையொட்டி’ என்பதா? இந்த ஒரு சொல்தான் வழக்கு. முதல் நீதிமன்றத்தில் போஸ் வென்றது; மேல்முறையீட்டில் தோற்றது; 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் இதழின் பக்கம் தீர்ப்பளித்தது. சொல்லைத் தேர்ந்ததில் பிழை இருக்கலாம், ஆனால் பொய் என்று தெரிந்தே எழுதியதற்குச் சான்று இல்லை என்றது.

பேச்சுரிமை பற்றிய வழக்காகவே இதைச் சட்டக்காரர்கள் நினைவுகூர்கிறார்கள். எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ‘அறைக்குள் அலைகிறது’ என்ற சொல் தவறாக இருக்க முடியும். அதைச் சோதிக்கலாம், ஒருவரை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்லி, வயலின் எங்கே கேட்கிறது என்று விரலை நீட்டச் சொல்லலாம். மூன்று நட்சத்திரம் என்பது தவறாக இருக்கவே முடியாது. எந்த நீதிமன்றத்திலும் அதை நிறுத்தி விசாரிக்க முடியாது. தவறாக இருக்கும் ஆற்றல் இல்லாத எண் எனக்கு எதையும் சொல்லவில்லை. ஆகவே மதிப்பெண்ணின் பயனைப் பார்க்க நான் கையாளும் சோதனை இதுதான்: இந்த எண்ணைத் தவறு என்று காட்ட ஏதாவது வழி இருக்கிறதா? இருந்தால் அது பயனுள்ள எண்.

அப்படிப்பட்ட எண்களை உருவாக்க முடியும் என்று காட்டியவர்களும் உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் எண்பதுகளில் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து மக்களைக் கேட்கச் செய்தார். எந்தப் பெட்டி ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்டவர்களின் விருப்பங்கள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போயின. பின்னர் அவரும் ஷான் ஆலிவும் ஹார்மன் நிறுவனத்தில் சுமார் 40 பேரை வைத்து நான்கு ஸ்பீக்கர்களைச் சோதித்து 1994-இல் வெளியிட்டார்கள். திரைக்குப் பின்னால் கேட்டபோது மலிவான சிறிய பெட்டி ஒன்று பெரிய விலையுயர்ந்த பெட்டிகளுக்கு ஈடாக மதிப்பெண் வாங்கியது. அதே ஆட்கள் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டபோது சிறியதன் மதிப்பெண் சரிந்தது. இன்னொன்றும் நடந்தது. கண்ணால் பார்த்தவர்கள், பெட்டியின் இடத்தை மாற்றினாலும் பாட்டை மாற்றினாலும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணைப் போட்டார்கள். காது சொன்ன வேறுபாடு பதிவாகவே இல்லை. கண் முன்கூட்டியே விடை எழுதிவிட்டது. விமர்சனங்களில் நாம் படிக்கிற மதிப்பெண்கள் மிகப் பெரும்பாலும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, விலை தெரிந்துகொண்டு போட்டவை என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

2004-இல் ஆலிவ் இன்னும் ஒரு படி போனார். 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளை மட்டும் வைத்து, கேட்பவர்கள் திரைக்குப் பின்னால் எவ்வளவு மதிப்பெண் போடுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் ஒன்றை அமைத்தார். கணித்ததும் கேட்டவர்கள் போட்டதும் 0.86 என்ற அளவுக்கு ஒத்துப்போயின. இந்த எண் தவறாக இருக்கக்கூடிய எண், ஆகவே மதிக்கத்தக்க எண். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: விருப்பத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு தாழொலியைப் பொறுத்தது. தாழொலியை முடிவு செய்வதில் பெட்டியைவிட அறைக்கு அதிகப் பங்கு. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையின் நீள அகலமே அரசன். லண்டன் அறையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய தாழொலி அமரவிளையில் ஒரு கான்கிரீட் ஹாலில் இரைச்சலாகலாம். மரமச்சு போட்ட பழைய ஓட்டுவீட்டுப் பூமுகத்தில் அதே பெட்டி அழகாகப் பேசலாம். என் அம்மாவின் கிணறு இதுதான்.

தொலைத்தொடர்புக்காரர்கள் நெடுநாள் முன்பே இந்தச் சிக்கலைச் சந்தித்து, அதற்கு ஒழுங்கான வழியும் கண்டார்கள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐந்து படி அளவுகோலில் ஒவ்வொரு படிக்கும் பொருள் எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து என்றால் குறை காதில் படவே இல்லை. நான்கு என்றால் படுகிறது, தொந்தரவில்லை. மூன்று என்றால் சற்றுத் தொந்தரவு. இரண்டு தொந்தரவு, ஒன்று பெருந்தொந்தரவு. ‘மஷ்ரா’ என்று அழைக்கப்படுகிற இன்னொரு முறையில் நூற்றுக்கு மதிப்பெண். அங்கே கேட்பவருக்குத் தெரியாமல் மூல ஒலிப்பதிவும் சோதனைப் பதிவுகளோடு கலந்து வைக்கப்படும். 3.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டப்பட்ட, தொலைபேசிக் குரல்போல் மங்கிய பதிவும் வேண்டுமென்றே கலக்கப்படும். மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி. ஒளித்துவைத்த மூலத்துக்கே ஒருவர் பல தடவை 90-க்குக் கீழே போட்டால், அவர் போட்டவை அனைத்தும் கணக்கிலிருந்து நீக்கப்படும். மதிப்பெண் போடுகிறவரும் தேர்வு எழுதவேண்டும். விமர்சனத் துறை இந்த முறையிலிருந்து கற்றுக்கொண்டது மிகக் குறைவு என்பது வருத்தமான விஷயம்.

ஆணி என்று நான் சொன்னது தற்செயல் இல்லை. தட்டான் உரைகல்லில் பொன்னை உரசிவிட்டு அதன் பக்கத்தில் உரையாணியை உரசுவார். அந்த ஆணியின் மாற்று, அதாவது பொன்னின் தரம், இன்னது என்று ஏற்கெனவே தெரியும். இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மாற்றுச் சொல்வார். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில், கொடையாக வந்த பொன் ‘தண்டவாணி’ என்ற தரத்தைவிட எவ்வளவு மாற்றுக் குறைவு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் நம்மவர்கள் பொன்னுக்கு வெறும் ‘நல்லது’ போடவில்லை. எதோடு ஒப்பிட்டு நல்லது என்பதையும் சேர்த்தே கல்லில் வெட்டினார்கள். இன்று நெய்யாற்றின்கரையில் வாங்கினாலும் மார்த்தாண்டத்தில் வாங்கினாலும் 916 என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு பொன். எல்லை தாண்டினாலும் பொருள் மாறாது. ஒலிக்கு அவ்வளவு திட்டமான எண் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் உரையாணி கிடைக்கும்.

கலைக்கும் நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. திருவிதாங்கூர் அரசு 1943-இல் தொடங்கிய திருவனந்தபுரம் வானொலி 1950-இல் அனைத்திந்திய வானொலியோடு சேர்ந்தது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் இசைக்கலைஞர்களுக்குக் குரல் தேர்வு கட்டாயமாகி, பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்ற படிகள் நிலைத்தன. பல கலைஞர்கள் கொதித்தார்கள். கலைக்கு மார்க் போடுவதா என்று எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் படிகள் எழுபது ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா நோட்டீஸில் ‘ஆகாசவாணி ஏ கிரேடு’ என்று பெயருக்குக் கீழே போட்டால் மக்கள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வருகிறார்கள். காரணம், இசை தெரிந்த குழு உட்கார்ந்து கேட்கிறது, படிகள் நாடு முழுவதும் ஒன்று, படியைப் பொறுத்துச் சம்பளம். ஒரு கலைஞரின் ஆயுள் உழைப்பை ஓர் எழுத்து அடக்கிவிடாது. அது அவரை மேடைக்கு அழைக்கலாமா என்று முடிவு செய்ய உதவும். மதிப்பெண்ணிடம் அவ்வளவு வேலைதான் எதிர்பார்க்க வேண்டும்.

இதே ஊர்களில் எண்ணே இல்லாமல் மதிப்பிடுகிறவர்களும் உண்டு. மைக்செட் வைக்கிற அண்ணன் ஒருவர் புதுப் பெட்டியைச் சோதிப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். வில்லுப்பாட்டு நடக்கிற கோயில் முற்றம். வில்லின் நாணில் கட்டிய மணிகள் மேலே கலகலக்கின்றன. குடத்தின் வாயில் விழுகிற அடி கீழே அடிவயிற்றில் ‘தும்’ என்று இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் புலவரின் கதைச் சொல். இதைவிடக் கடுமையான சோதனைப் பதிவை எந்த ஆய்வகமும் தயாரித்துவிடாது. மணி மட்டும் தூக்கினால் பெட்டி ‘கீச்சுது’ என்பார். குடம் தூக்கினால் ‘மொழுக்குது’ என்பார். பிறகு நடந்து கடைசி வரிசைக்குப் போய், பிலாமரத்தின் கீழே நின்று, புலவர் சொன்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். சொல்ல முடிந்தால் பெட்டி பாஸ். வாட் எத்தனை என்று அவர் அதன் பிறகுதான் கேட்பார்.

அவர் கையாளும் சோதனைக்கு அறிவியலில் ஓர் அளவுகோலே இருக்கிறது. நெதர்லாந்தில் ஹௌட்காஸ்ட், ஸ்டீனெகென் இருவரும் எழுபதுகளில் உருவாக்கிய பேச்சுத் தெளிவுக் குறியீடு பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை போகும். 0.75-க்கு மேல் மிகத் தெளிவு, 0.6 வரை நன்று, 0.45-க்குக் கீழே இறங்கினால் சொல் சிதைகிறது. இது பெட்டியை மட்டும் அளப்பதில்லை. பெட்டி, அறை, எதிரொலி, சுற்றுச் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்து, கேட்பவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அளக்கிறது. பாறசாலையிலிருந்து காரக்கோணம் வரை உயரக் கூரை போட்ட தேவாலயங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் லட்சக்கணக்கில் செலவழித்து ஒலி அமைப்பு வைக்கிறார்கள். பிரசங்கம் பின்வரிசைக்கு முழக்கமாகத்தான் போகிறது. பணம் கொடுக்குமுன் சபையார் ‘எத்தனை வாட்’ என்று கேட்பதை விட்டு, ‘கடைசி பெஞ்சில் தெளிவுக் குறியீடு எவ்வளவு வரும், அளந்து காட்டுவீர்களா’ என்று கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இது கைப்பேசிச் செயலியாலேயே ஓரளவு அளக்கக்கூடியது.

மதிப்பெண்ணை ஒன்றாகப் போடுவதா பலவாகப் பிரிப்பதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: பிரிக்கவேண்டும். சிங்கப்பூரிலிருந்து ‘கிரினக்கிள்’ என்ற பெயரில் காதில் செருகும் ஒலிக்கருவிகளைத் தரப்படுத்தும் விமர்சகர் ஒலிநிறத்துக்கு ஓர் எழுத்து, நுணுக்கத்துக்கு ஓர் எழுத்து, கொடுத்த காசுக்கு எத்தனை நட்சத்திரம் என்று தனித்தனியே போட்டு, ஒவ்வொன்றின் அளவீட்டு வரைபடத்தையும் கூடவே வைத்தார். அவரோடு மாறுபடுகிறவர்களும் அந்தப் பட்டியலைப் பயன்படுத்த முடிகிறது. அவருக்குப் பிடிக்காத ஒலிநிறம் எனக்குப் பிடிக்கும் என்று கண்டுபிடித்துவிட்டால், அவர் குறைத்துப் போட்டதே எனக்குப் பரிந்துரையாகிவிடும். ஒரே ஆளின் காது, ஒரே உரையாணி, நெடுங்காலம். ஆயிரம் முகமற்றவர்களின் சராசரியைவிட இது மேல்.

தமிழில் இன்று கருவி விமர்சனம் செய்கிற இளைஞர்கள் நிறைய. உழைக்கிறார்கள், சொந்தக் காசில் வாங்கிச் சோதிக்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ‘பத்துக்கு எட்டு’ சொல்லுங்கள். கூடவே எதற்கு எட்டு, எந்தப் பெட்டியைப் பத்தென்று வைத்து எட்டு, எத்தனை அடி அறையில் எட்டு என்று சொல்லுங்கள். சோதனைக்கு எங்கிருந்தோ வந்த ஆங்கிலப் பாட்டை வைக்கிறீர்கள்; நம் வாசகர் காதில் பதிந்த குரலை வையுங்கள். எங்கள் மண்ணுக்கு நெய்யாற்றின்கரை வாசுதேவனின் குரல் இருக்கிறது. 2006-இல் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண்ணான பாறசாலை பொன்னம்மாளின் குரல் இருக்கிறது. எண்பதைத் தாண்டிய வயதில் அவர் பாடிய குரலின் கரகரப்பும், கீழே தம்புராவின் ரீங்காரமும் ஒரு ஸ்பீக்கரில் பிரிந்து கேட்கின்றனவா என்பது இந்தப் பக்கத்துக் காதுகளுக்கு உடனே தெரியும். அது எங்கள் உரையாணி. உங்கள் ஊருக்கு உங்கள் ஆணி.

மதிப்பெண்ணில் இடமே இல்லாத சிலவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூவார், பொழியூர்க் கடற்கரையில் உப்புக்காற்று இணைப்புகளைத் தின்கிறது. மழைக்காலத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. கெட்டுப்போனால் பழுது பார்க்கத் திருவனந்தபுரத்துக்கு ஓடவேண்டும். எந்த நட்சத்திரமும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. கடைக்காரரிடம் சர்வீஸ் எங்கே என்று முதலில் கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டையும் ஒரு செய்தி வாசிப்பையும் கைப்பேசியில் கொண்டுபோங்கள். இரண்டு பெட்டிகளை ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும், விற்பனையாளருக்கு இது தெரியும். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள்.

எங்கள் பக்கத்து ஊர்களில் பரவலாக ஒரு கிரந்தசாலை, வாசகசாலை உண்டு. ஹால் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாலையும் இருக்கிறது. நாலு வீட்டு ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து மேடையில் வைத்து, முன்னால் ஒரு வேட்டியைக் கட்டி, இருபது பேரைக் கேட்கவைத்து, ஒவ்வொருவரும் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எந்த இதழும் எங்கள் ஊர் அறைக்கும் எங்கள் ஊர்க் காதுக்கும் தராத மதிப்பெண் அது. பாறசாலையிலோ உதியன்குளங்கரையிலோ ஒரு வாசகசாலை முன்வந்தால், வேட்டியும் வில்லுப்பாட்டுப் பதிவும் நான் கொண்டுவருகிறேன்.